கோப்பியைத் தேடித் தந்த பாலிக் புலாவ் மக்களுக்கு

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் உங்கள் ஊர் துரியான் தோட்டத்தில் கூடாரம் போட வந்து, கோப்பி என்கிற என் பூனையைத் தொலைத்துவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு மூன்று இரவு அலைந்த பெண் நான்தான். உங்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. 'பூனைக்கார அக்கா' என்றால் தெரியும். கிளம்புகிற அவசரத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அந்தக் குறை மனதில் கிடந்து உறுத்துகிறது.

புறப்படும்போது பூனை குறுக்கே வந்தால் ஆகாது என்பார் என் மாமியார். எங்கள் வீட்டிலோ பூனை குறுக்கே வராமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. அன்று இரண்டும் பின்சீட்டில் ஆளுக்கொரு கூண்டில் இருந்தன. மைலோ ரவாங் தாண்டும்வரை கத்திவிட்டுத் தூங்கிப்போனான். கோப்பி பினாங்குப் பாலம் ஏறும்வரை வாயே திறக்கவில்லை. இதற்கு முன் போர்ட் டிக்சனுக்கும் கேமரன் மலைக்கும் அவர்களைக் கூட்டிப் போயிருக்கிறோம், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. அந்தத் துணிச்சல்தான் எங்களைக் கெடுத்தது.

சனிக்கிழமை மாலை ஏழு மணி இருக்கும், இன்னும் வெளிச்சம் இருந்தது. குளியலறைத் தகரக் கூரையில் ஒரு துரியான் விழுந்தது. வெடி போட்டது போல் சத்தம். கோப்பி மிரண்டு பின்வாங்கினாள், கயிற்றைப் பிடித்திருந்த என் மகள் பயந்துபோய் முன்னால் இழுத்தாள். பின்வாங்குகிற பூனையை முன்பக்கமிருந்து இழுத்தால் ஹார்னஸ் தலைவழியாகக் கழன்று வந்துவிடும். இது எனக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் தோன்றவில்லை. பிள்ளையின் கையில் வெறும் பட்டை தொங்கியது.

முதல் இரண்டு மணி நேரம் நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பக்கத்துக் கூடாரக்காரர்கள் அத்தனை பேரும் டார்ச் லைட்டோடு இறங்கிவிட்டார்கள். "கோப்பி! கோப்பி!" என்று தோட்டமே அதிர்ந்தது. யாரோ கோப்பி விற்கிறார்கள் என்று நினைத்து ஒருவர் குவளையோடு வந்து நின்றார். அவருக்கும் நன்றி, உண்மை தெரிந்ததும் குவளையை வைத்துவிட்டு அவரும் கூவ ஆரம்பித்தார்.

கத்தாதீர்கள் என்று முதலில் சொன்னவர் எங்கள் பூனை டாக்டர். இரவு ஒன்பதரைக்கு அழைத்தும் முகம் சுளிக்காமல் பேசினார். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பயந்தால் தூரம் ஓடாது, கிடைத்த முதல் பொந்தில் ஒடுங்கிவிடும், சொந்தக்காரர் கூப்பிட்டால்கூட மூச்சுக் காட்டாது என்றார். பூனையைத் தொலைத்த 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2018இல் ஓர் ஆய்வு வந்ததாம். அதில் திரும்பக் கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தனவாம். டார்ச்சைக் கண் உயரத்தில் பிடியுங்கள் என்றும் சொன்னார். பூனைக் கண்ணின் பின்புறம் இருக்கிற படலம், வெளிச்சத்தை அது வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். இடுப்பளவில் பிடித்தால் அந்த மினுக்கம் நம் கண்ணுக்கு வந்து சேராது.

தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கிறது, அரிசி மணி அளவில், 15 இலக்க எண்ணோடு. ஆனால் அது பூனை எங்கே இருக்கிறது என்று காட்டாது. யாராவது பிடித்துக் கொண்டுபோய்க் கருவி வைத்துப் பார்த்தால்தான் எண் தெரியும். அந்த எண்ணுக்கு நேராகப் பதிவில் இருந்ததோ, என் கணவர் எப்போதோ கைவிட்ட தொலைபேசி எண். அன்றிரவே மாற்றினோம். பூனை வைத்திருக்கிற எல்லோரும் இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி தோட்டத்து அங்கிள். நீங்கள் பேசியது ஹொக்கியன் கலந்த மலாய், எனக்குப் பாதிதான் புரிந்தது. இரவில் துரியான் மரத்தடியில் வெறுந்தலையோடு போகாதே என்று உங்கள் மஞ்சள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டீர்கள். எந்தெந்த மரத்தில் இன்னும் காய் நிற்கிறது என்று கைகாட்டினீர்கள். அது பெரிய உதவிதான். ஆனால் நான் மறக்காதது வேறு. உங்கள் மூன்று நாய்களையும் மூன்று இரவும் கட்டிப்போட்டீர்கள். பழம் விழுகிற பருவத்தில் குரங்குக்கும் திருடருக்கும் காவல் அவைதான் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதனால் எத்தனை பழம் போயிற்று என்று கேட்டேன். "ஒரு பூனைக்கு எத்தனை பழம்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) பாக்சிக், அதிகாலைத் தொழுகை முடித்து வந்தவர்களிடம் நீங்கள் சொல்லிவைத்ததால்தான் கம்போங் பிள்ளைகள் சைக்கிளில் வீடு வீடாகப் போனார்கள். "ஓயெனா?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஆரஞ்சுப் பூனை இல்லை, கறுப்பு என்றதும் ஒரு சிறுவன், "அப்போ இரவில் தேடாதீங்க" என்று பெரிய மனிதன் போல் சொன்னான்.

திங்கட்கிழமை கணவரும் மகளும் மைலோவோடு திரும்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு நாள் அவசர விடுப்பு, கேள்வி கேட்காமல் கொடுத்த மேலாளருக்கும் நன்றி. தங்க இடம் கொடுத்தது தோட்டத்துக்கு எதிர்வீட்டு அக்கா. பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அக்கா, முன்பின் தெரியாதவளுக்குப் பாய் விரித்து, சுடச்சுடத் தோசை சுட்டுப் போட்டீர்கள். அந்தப் பக்கம் மலைப்பாம்பு உண்டு என்பதைக் கடைசி நாள்வரை என்னிடம் யாரும் சொல்லக் கூடாது என்று தெருவுக்கே உத்தரவு போட்டிருந்தீர்களாம். அதற்குத்தான் உங்களுக்கு முதல் நன்றி. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெட ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னதே எனக்குப் போதும் போதும் என்று இருந்தது.

நன்றி சொல்ல முடியாத ஒருவரும் உண்டு. காணவில்லை என்று நாங்கள் போட்ட அறிவிப்பில் படத்தைப் பார்த்துவிட்டு அழைத்து, பூனை தன்னிடம் இருக்கிறது, முதலில் 300 வெள்ளி அனுப்பு என்றார். அனுப்பக்கூடக் கை துறுதுறுத்தது. கோப்பியின் வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு, டாக்டர் சொல்லித்தான் அதை அறிவிப்பில் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருந்தோம். வயிற்றில் என்ன நிறம் என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

செவ்வாய் விடியற்காலை நாலு மணி. இந்தோனேசியாவின் லோம்போக்கிலிருந்து வந்து அங்கிள் தோட்டத்தில் பழம் பொறுக்குகிற தம்பி கதவை மெல்லத் தட்டினார். "காக், மாத்தா ஹிஜாவ்" என்று கிசுகிசுத்தார். அக்கா, பச்சைக் கண்.

எங்கள் கூடாரம் இருந்த இடத்திலிருந்து முப்பது நாற்பது எட்டுதான். பழைய துரியான் கூடைகளும் தகரமும் அடுக்கிவைத்த மூலை. அந்த வழியாக நான் ஐம்பது தடவையாவது போயிருப்பேன். பாம்பு கீம்பு இருக்குமோ என்று டார்ச்சைத் தரையில் அடித்தபடியே நடந்திருக்கிறேன், டாக்டர் சொன்னது காதோடு போயிற்று. தம்பியின் விளக்கு நெற்றியில் கட்டியது. அவருக்குத் தெரிந்தது.

தம்பி, அந்த நேரத்தில் நீங்கள் சத்தம் போட்டிருந்தாலோ, கையை விட்டுப் பிடிக்கப் பார்த்திருந்தாலோ அவள் காட்டுக்குள்தான் போயிருப்பாள். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு, ஓடாமல், நடந்து வந்து என்னைக் கூப்பிட்டீர்கள். பழம் விழுகிற நேரத்தில் பொறுக்குவதை விட்டுவிட்டு, நாய்கள் பக்கம் போய் உட்கார்ந்து அவை குரைக்காமல் பார்த்துக்கொண்டீர்கள். நான் தகரத்துக்கு முன்னால் அக்கா பொரித்துக் கொடுத்த நெத்திலியோடு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம். கொசு என்னைத் தின்றது. முதலில் மீசை வந்தது, அப்புறம் ஒரு கால். மடியில் ஏறி நெத்திலியைத் தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் என்னைப் பார்த்தாள்.

இந்த மடலைத் தம்பியால் படிக்க முடியாது. எதிர்வீட்டு அக்கா அவருக்கு மலாயில் வாசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கோப்பி நலம். அரைக் கிலோ இளைத்திருந்தாள், இதற்குள் ஏற்றிவிட்டாள். அங்கிள், அவசரத்தில் உங்கள் மஞ்சள் ஹெல்மெட் எங்கள் காரிலேயே வந்துவிட்டது. தீபாவளிக்கு முன் முறுக்கோடு கொண்டுவந்து தருகிறேன். ஒரே சிக்கல், கோப்பி இப்போது அதற்குள்தான் தூங்குகிறாள்.