அப்பாரு வீட்டுச் சுவருக்கு என்ன வைத்தியம்?

அன்புள்ள பழனிசாமி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். இங்கே மழை இந்த வருசமும் ஏமாற்றிவிட்டது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் விட்டதால் தென்னை தப்பித்தது. அம்மாவுக்கு மூட்டுவலிதான், மற்றபடி வாய் குறையவில்லை.

சரி, வீட்டு விசயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீட்டுக்கு, விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் பாக்டீரியா கான்கிரீட் ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறாய். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் ஜோங்கர்ஸ் குழு உருவாக்கியது அது. உறங்கும் பாக்டீரியா வித்துகளையும் அவற்றுக்குத் தீனியாகக் கால்சியம் லாக்டேட்டையும் கலவையில் சேர்த்துவிடுவார்கள். விரிசலில் தண்ணீர் இறங்கினால் வித்து விழித்து, சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கி அடைக்கும். அருமையான யோசனை. ஆனால் புதிதாக வார்க்கும் கான்கிரீட்டுக்கு என்று செய்தது. பழைய கல் கட்டிடத்துக்கு ஸ்பெயினில் வேறு வழி பார்த்திருக்கிறார்கள்: கிரானடாவின் சான் ஹெரோனிமோ மடத்தில் சத்துக் கரைசலைத் தெளித்து, கல்லிலேயே வாழும் பாக்டீரியாவை வேலை வாங்கினார்கள். அங்கே உதிரும் கல்லை இறுக்குவதுதான் நோக்கம், விரிசல் அடைப்பதல்ல.

உன் சுவரோ சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மயிரிழை விரிசலைத் தானே அடைக்கும் குணம் அதற்கு ஏற்கெனவே கொஞ்சம் உண்டு. உள்ளே இறுகாமல் மிஞ்சிய சுண்ணாம்பு, இறங்கும் தண்ணீரில் கரைந்து விரிசலுக்கு வரும். அங்கே கரியமில வாயு பட்டுக் கல்லாகப் படியும். ரோமானியக் கட்டிடங்கள் நிற்பதற்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். அவற்றின் கலவையில் தென்படும் வெள்ளைக் கட்டிகளைச் சரியாகக் கலக்காததன் அடையாளம் என்றே வெகுநாள் நினைத்திருந்தார்கள். நீற்றாத சுண்ணாம்பைச் சூடோடு கலந்ததில் வந்தவை, விரிசலுக்கான கையிருப்பு அவைதான் என்று 2023-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து அட்மிர் மாசிக் குழு எழுதியது. அந்த முறையில் வார்த்த கான்கிரீட் துண்டில் அரை மில்லிமீட்டர் விரிசல் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒழுக்கு நின்றுவிட்டது.

ஆனால் தண்ணீர் வேண்டும், விரிசலும் அசையாமல் இருக்க வேண்டும். உன் வீடு நிற்பது கரிசலில். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் மண். தாழ்வாரத்து மூலையில் விரல் நுழையும் வெடிப்பு அதனால் வந்ததென்றுதான் எனக்குப் படுகிறது. அதை எந்தப் பாக்டீரியாவும் மூடாது. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வை. ஒரு மழை, ஒரு கோடை போகட்டும். கண்ணாடி உடைந்தால் வைத்தியம் அஸ்திவாரத்துக்கு, சுவருக்கு அல்ல. கூரைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் இப்போதே வழி செய்துவிடு.

எவனோ ஒரு கொத்தனார் அடிச்சுவரில் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறானே, அதைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, பூச்சுக்கு மேல் செங்கல் உப்புப் பூத்து உதிர்கிறது. முதலில் அதைப் பக்குவமாகக் கொத்தி எடுக்க வேண்டும். அப்புறம் சுவரை நன்றாகக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர் விட்டுப் பூசலாம். இறுக நாளாகும், கூலியும் கூடத்தான்.

தாராபுரம் பக்கம் காரை வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தை நோன்புக்கு நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, சொல்லி வைக்கிறேன். முன்பணம் கேட்பார், கையில் கொண்டு வா.

அன்புடன்,
சின்னு