கம்பெனி கொடுத்த வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துப் பழைய நிலக்கரி ஊர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். வீடு, கடை, டாக்டர் எல்லாம் சுரங்கக் கம்பெனியே கொடுத்ததாம். கொடுத்தது சரி, யார் காசில்?

நிலக்கரியை வெட்டி அள்ளியவர்களுக்குப் பெரும்பாலும் டன் கணக்கில்தான் கூலி. எடை போடுபவரோ கம்பெனி ஆள். கல் கலந்திருக்கிறது என்று சொல்லிக் குறைத்துவிடுவார். அதனால்தான் தராசருகே தங்கள் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று தொழிலாளர் சங்கம் விடாமல் கேட்டது. வெடிமருந்தும் கருவிகளும் தொழிலாளியின் செலவு. வாடகை, டாக்டர் கட்டணம் சம்பளத்திலேயே பிடித்தம். இடையில் முன்பணம் கேட்டால் டாலர் வராது, கம்பெனி பெயர் பொறித்த உலோக வில்லைதான் வரும். அது கம்பெனிக் கடையில் மட்டும் முழு மதிப்புக்குச் செல்லும். வெளியே மாற்றினால் நஷ்டம்.

வீடுதான் பெரிய பிடி. சங்கத்தில் சேர்ந்தால் சாமான்கள் தெருவில். 1920 மே 19 அன்று அங்குள்ள மேட்வான் என்ற ஊரில் இப்படிக் குடும்பங்களை வெளியேற்ற வந்த தனியார் துப்பறியும் ஆட்களுக்கும் உள்ளூர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டின் தரப்புக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். கட்டுரையில் இவை ஒரு வரிகூட இல்லையே!

அப்புறம், பெண்கள். தண்ணீர் சுமந்து, கரித்தூள் படிந்த துணிகளைத் துவைத்து, வீட்டில் காசு கொடுத்துத் தங்கியவர்களுக்கும் சமைத்தார்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை வெளியிடலாம்.

ஒரு வாசகர்,
திருச்சி