கொரோனாடோவில் பார்த்த படகுகள்

அன்புள்ள செல்வம்,

இங்கு எல்லோரும் நலம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நீ படி ஏற ஆரம்பித்துவிட்டதாகத் தங்கச்சி போனில் சொன்னது. கேட்டதும் நிம்மதியாக இருந்தது. பேரன் தவழ்கிறான், வீடே அவன் ராஜ்ஜியம்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கலிஃபோர்னியாவில் இருக்கும் கொரோனாடோ கடற்படைத் தளத்துக்கு அழைத்துப் போனார். வியட்நாம் போரில் ஆற்று ரோந்துப் படகில் இன்ஜின் பார்த்தவர் அவர். அந்தப் போரில் இறந்த மாலுமிகளுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. கல்லில் பெயர்கள், பக்கத்தில் அவர்கள் ஓட்டிய வகைப் படகுகள்.

பி.பி.ஆர். என்ற சின்னப் படகைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. காலமெல்லாம் விசைப்படகு இன்ஜினோடு மல்லுக்கட்டியவன் ஆயிற்றே நீ! ஃபைபர் உடம்பு, நீளம் 30 அடிக்குக் கொஞ்சம் மேல், நாலே பேர். இரண்டு டீசல் இன்ஜின் உண்டு, புரொப்பெல்லர் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் பம்ப். அதனால் இரண்டடித் தண்ணீரிலும் ஓடுமாம். கவசம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, வேகம்தான் காப்பு. 1966-லிருந்து மீகாங் கழிமுகத்து வாய்க்கால்களில் இதை நம்பித்தான் போயிருக்கிறார்கள்.

ஆகாயத்தாமரை பம்பின் வாயை அடைத்துக்கொண்டால் ஒருவர் தண்ணீரில் இறங்கிக் கையால் பிடுங்கி எறிய வேண்டும். மற்ற மூவரும் கரைப் புதரைப் பார்த்துத் துப்பாக்கியோடு நிற்பார்களாம். பெரும்பாலும் இறங்கியவர் நம் பெரியவர்தான். சொல்லிக்கொண்டே குனிந்து, படகின் அடியில் இருந்த கம்பித்தட்டிக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

அந்தப் புதரிலிருந்துதான் சுடுவார்கள். 1968-ல் அங்கே அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமையேற்ற அட்மிரல் எல்மோ சும்வால்ட், மாலுமிகளின் உயிரைக் காக்க ஆற்றங்கரைகளில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற இலையுதிர்க்கும் மருந்தைத் தெளிக்கச் சொன்னார். அதே ஆறுகளில் அவர் மகன் சுவிஃப்ட் என்ற வகை ரோந்துப் படகு ஒன்றின் கமாண்டர். போரிலிருந்து உயிரோடு திரும்பிய மகன் 1988-ல், 42 வயதில், புற்றுநோயில் இறந்தார். அந்த மருந்துதான் காரணம் என்று தகப்பன் நம்பினார். அப்படியும், பல உயிர்களைக் காத்த உத்தரவு அது, மறுபடியும் அதையேதான் போட்டிருப்பேன் என்றார். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன் நான், அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. கரையில் குடியிருந்த வியட்நாம் சனங்கள் மேலும் அதே விஷம்தானே விழுந்தது? அவர்களை யார் கேட்டார்கள்?

பெரியவரோடு படகில் இருந்தவர்களில் இருவர், ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயில் போனார்கள். கல்லில் அவர்கள் பெயர் இல்லை. வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவிடத்தில் இப்படிப் பின்னால் இறந்தவர்களுக்காக 2004-ல் ஒரு பலகை பதித்தார்கள், அதிலும் பெயர்கள் கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆற்றில் குண்டுபட்டவனும் ஆற்றில் வாங்கிய நோயால் செத்தவனும் ஒரே போரில் போனவர்கள்தான். பெயரும் ஒரே கல்லில் இருக்க வேண்டும். பெரியவரிடமும் சொன்னேன். அவர் அந்த இருவரின் பெயரை மட்டும் எனக்குச் சொன்னார்.

அந்த ஜெட் பம்பின் படத்தைத் தனியாக அனுப்புகிறேன். நம் ஊர்ப் படகுக்கு ஒத்துவருமா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
ராமு