புராஜெக்ட்டை வீட்டுக்கு அனுப்பாதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த புராஜெக்ட்டில் பாதி கடையில் வாங்கிய தெர்மாகோல் மாடல், மீதி அம்மா அப்பா ராத்திரி கண்விழித்து ஒட்டியது, இதற்கு எப்படிப்பா மார்க் போடுவது என்று நேற்று போனில் கேட்டாய். என்னைக் கேட்டால், வீட்டுக்கே அனுப்பாதே. வகுப்பிலேயே, உன் கண் முன்னாலேயே செய்யட்டும்.

2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் திறன் அடிப்படைக் கல்வி, அதாவது பாடம் முடிந்ததா என்பதைவிடப் பிள்ளைக்கு என்ன செய்ய வருகிறது என்று பார்க்கிற முறை, வந்தது என்று உங்கள் ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்களாம். நம் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு அது அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பார்த்து, அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கி வைத்தார், 2007-08-இல் அது தமிழ்நாடு முழுக்க வந்தது. நாங்களும் பாயை விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தோம். சுவரில் அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, தட்டு தட்டாக அட்டைகள், ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று படிப்படியாகக் காட்டுகிற ஒரு ஏணிப் படம். எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். அறுவடைக் காலத்தில் பத்து நாள் வராமல் இருந்துவிட்டு வருகிறவன் விட்ட அட்டையிலிருந்தே தொடர்வான், யாரும் அவனை மக்கு என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த முறையில் ரொம்பப் பிடித்ததே இதுதான். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிப்பதும் அதே எண்ணத்தில்தான், வயதைப் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன வருகிறது என்று பார்ப்பது.

குறையும் உண்டு. ஒரே ஆசிரியர் நான்கு வகுப்பையும் பார்க்கிற பள்ளியில், அட்டையை முடித்தானா என்று டிக் போடத்தான் நேரம் இருந்தது, புரிந்ததா என்று கேட்க நேரமில்லை. உன் வகுப்பில் அப்படி ஆகிவிடக்கூடாது.

சரி, இப்படிச் செய்து பார். உங்கள் பள்ளியில் ஒழுகுகிற குழாய் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அடியில் 200 மில்லி டம்ளரை வைத்து, அது நிறைவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். பத்து நிமிடம் என்றால் ஒரு மணிக்கு 1.2 லிட்டர், ஒரு நாளைக்கு 28.8 லிட்டர். அதை நீ சொல்லாதே, அவர்களே வந்து சேரட்டும், ஒரு குழு தப்பாகப் போட்டாலும் இன்னொரு குழு கண்டுபிடிக்கும். அப்புறம் வாஷர் மாற்றச் சொல்லித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம், கணக்கோடு. மாற்றிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், அதை விட்டுவிடாதே.

மார்க்குக்கு அழகு, ஜிகினா, கையெழுத்து எதையும் பார்க்காதே. மில்லியைத் தானே லிட்டராக மாற்றினானா, இரண்டு முறை அளந்து வித்தியாசம் வந்தபோது ஏன் என்று யோசித்தாளா, பக்கத்தில் இருக்கிறவனுக்கு விளக்கத் தெரிகிறதா என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு வரி எழுது. செய்ய வராதவனுக்குப் பூஜ்ஜியம் போடாமல் அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு கொடு. நாற்பது பேருக்கு ஒரே நாளில் எழுத முடியாது, தினம் எட்டுப் பேரைக் கவனித்தால் போதும்.

பெயருக்கு நேராக வரி எழுதுகிற அந்தத் தாளைத் தயார் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா