நோட்ஸ் வேண்டாம், வெறும் கொப்பி அனுப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து இப்போது தடி இல்லாமலே நடக்கிறா என்று எழுதியிருந்தாய், பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். சிறுபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது, ஐப்பசி மழையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வாசிகசாலையில் பின்னேரம் வந்து படிக்கிற ஓஎல் (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு, யாழ்ப்பாணத்து ரியூட்டரி நோட்ஸை ஒன்பது பாடத்துக்கும் போட்டோக்கொப்பி அடித்து ஆளுக்கொரு கட்டாகக் கொடுக்கலாம், செலவை நீயும் கூட்டாளிமாரும் பொறுப்பெடுக்கிறோம் என்று எழுதியிருந்தாய். உதவி செய்ய வருகிறவனிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்தக் காசை அதற்குச் செலவழிக்காதே மச்சான். நோட்ஸ் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. வட்ஸ்அப்பைத் திறந்தால் எந்தப் பாடத்துக்கும் நோட்ஸ் கொட்டிக்கிடக்கிறது, போன் நிரம்பி வழிகிறது. அரசாங்கப் பாடநூலும் இலவசமாகவே கையில் இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது, வாசித்ததைத் தன் சொல்லில், தன் கையால், தனக்கு விளங்குகிற மாதிரி எழுதி வைக்கிற பழக்கம். மற்றவன் சுருக்கிய நோட்ஸில் அந்தச் சுருக்கல் வேலை முழுவதையும் அவனே செய்து முடித்துவிட்டான், பிள்ளைக்கு மனப்பாடம் மட்டும்தான் மிச்சம்.

வாசிகசாலையில் நான் கணிதமும் விஞ்ஞானமும் பார்க்கிறேன், மனிசி தமிழும் வரலாறும். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

விஞ்ஞானத்தை எடு. ஒளித்தொகுப்பில் மாப்பொருள் உண்டாகிறது என்று காட்டுகிற பரிசோதனை உனக்கு ஞாபகம் இருக்கும். கடையில் விற்கிற நோட்ஸில் அது நாலு வரிதான்: செடியை இருட்டில் வை, வெளிச்சத்தில் வைத்தபின் இலையைப் பறித்துத் தண்ணீரில் கொதிக்க வை, மதுசாரத்தில் கொதிக்க வை, கழுவி அயடீன் விடு, கருநீலம் வரும். பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பிப்பார்கள். மதுசாரம் எதற்கு என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதனால் இப்போது பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன், இடப்பக்கம் என்ன செய்தோம், வலப்பக்கம் ஏன் செய்தோம். இலையில் ஏற்கெனவே இருக்கிற மாப்பொருள் தீர வேண்டும், அதற்குத்தான் இருட்டு. கலங்கள் இறந்து அயடீன் உள்ளே போக வழி வேண்டும், அதற்குச் சுடுதண்ணீர். பச்சையம் கரைந்து போனால்தான் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியும், அதற்கு மதுசாரம். அது சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் நேரே நெருப்பில் வைக்காமல் கொதிநீருக்குள் வைத்துச் சூடாக்குகிறோம். இந்த வலப்பக்கத்தை ஒரு பிள்ளை தானே எழுதிவிட்டால், கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அவளுக்குப் பயமில்லை. அப்புறம் வீட்டில் அவித்த மரவள்ளியில் ஒரு சொட்டு அயடீன் விட்டுப் பார்த்துவிட்டு வந்து காட்டினார்கள், அதை எந்த நோட்ஸும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அணு, மூலக்கூறுகளை எண்ணுகிற அலகான மூல் பற்றிய பாடமும் அப்படித்தான். மூல் என்றாலே பிள்ளைகள் மிரளுகிறார்கள், 6.022 பெருக்கல் பத்தின் 23ஆம் வலு என்று ஒரு பெரிய எண்ணைக் கண்டதும் இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் யூரியா பையைக் கொண்டுவரச் சொன்னேன். நைதரசன் 46 சதவீதம் என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது, அந்த 46 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யூரியா மூலக்கூறு ஒன்றில் நைதரசன் இரண்டு, ஐதரசன் நாலு, காபன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று. அணுத்திணிவுப்படி அவை 28, 4, 12, 16, கூட்டினால் 60. அறுபதில் இருபத்தெட்டு என்றால் 46 சதவீதத்துக்குச் சற்று மேலே. பிள்ளைகளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! தகப்பனோடு வயலில் இறங்கி அந்த உரத்தை அள்ளி வீசிய பிள்ளைகள் மச்சான் இதுகள். அந்தக் கணக்கு அவர்களின் கொப்பியில் இருக்கிற அளவுக்கு, வாங்கின எந்த நோட்ஸிலும் இருக்காது.

கணிதத்துக்கு நோட்ஸ் என்று ஒன்று வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். சூத்திரங்களை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு பக்கம். அதற்குப் பதிலாகப் பிழைக் கொப்பி ஒன்று வைக்கச் சொல்கிறேன். செய்த கணக்குப் பிழைத்தால் அதை அழிக்காமல் எந்தப் படியில் சறுக்கியது என்று சிவப்பால் வட்டம் போட்டு, கீழே சரியான படியை எழுத வேண்டும். ஒரு தவணை முடியும்போது புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சறுக்குகிற இடம் இரண்டோ மூன்றோதான். ஒருத்திக்கு, மறை எண்ணால் வகுக்கும்போது சமனிலிக் குறியைத் திருப்ப மறக்கிறது. இன்னொருவனுக்குப் பின்னம் கழிக்கும்போது அடைப்புக்குள் இருக்கிற குறி. இதை எந்த ரியூட்டரி அச்சடித்துத் தரும்? வினாத்தாளின் அமைப்பையும் அவர்களே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: முதலாம் தாளில் சின்னக் கேள்வி 25, அப்புறம் பெரிய கேள்வி ஐந்து, இரண்டாம் தாளில் பன்னிரண்டில் பத்து. அந்த 25 சின்னக் கேள்விக்கு மட்டும் 50 புள்ளி. கணிதம் வராது என்று ஒதுங்குகிற பிள்ளைக்கு அங்கேதான் சித்தியடைய வழி இருக்கிறது, அதை முதலில் காட்ட வேண்டும். பைதகரஸை மேசன்மாரிடம் பார்க்கச் சொன்னேன், அத்திவாரத்துக்கு மூலைமட்டம் பிடிக்க அவர்கள் 3 அடி, 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பதை இரண்டு பெடியள் படம் கீறிக்கொண்டு வந்தார்கள்.

வரலாற்றில்தான் அச்சடித்த நோட்ஸ் அதிகம் கெடுக்கிறது என்று மனிசி சொல்கிறா, எனக்கும் அது சரி என்றே படுகிறது. கோல்புறூக் 1833, குறூ மக்கலம் 1910, மனிங் 1920, மனிங் டெவன்சயர் 1924, டொனமூர் 1931, சோல்பரி 1947 என்று ஆங்கிலேயர் கால அரசியல் சீர்திருத்த ஆண்டுகளைச் சங்கிலி மாதிரிப் பாடமாக்கி, ஏன் ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தது என்று தெரியாமலே பரீட்சைக்குப் போகிறார்கள். அவ ஒரு நீளக் கடதாசியில் கோடு கீறி, ஒவ்வொரு ஆண்டுக்கும் கீழே இரண்டு கேள்வி மட்டும் வைத்தா: இதில் யாருக்கு வாக்குக் கிடைத்தது, யார் இன்னும் வெளியில் நின்றார்கள்? அதற்கு விடை தேடப் பாடநூலைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள். சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையருக்கென்று ஒரேயொரு ஆசனம், 1911 தேர்தலில் அதை வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். இருபதே ஆண்டில் 1931இல் வயது வந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்கு. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு பிள்ளை, அப்படியென்றால் 1911இல் எங்கள் ஊர் ஆட்களுக்கு வாக்கே இல்லையா ரீச்சர் என்று கேட்டாளாம். அந்தக் கேள்வியைத்தான் கொப்பியில் எழுதச் சொன்னாவாம்.

அதே கோட்டில் 1803 என்ற இடத்தில் பாடநூல் கண்டியைச் சொல்லும், ஆங்கிலேயர் கண்டியில் தோற்ற ஆண்டு. பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைச் சேர்த்தார்கள்: ஓகஸ்ட் 25 முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது, ஒக்ரோபர் 31 கற்சிலைமடுவில் தோல்வி. நடுகல் ஒட்டுசுட்டானுக்குக் கிட்டத்தான். பரீட்சையில் அது வருகிறதோ இல்லையோ, கண்டியும் வன்னியும் ஒரே ஆண்டில் ஒரே எதிரியோடு மோதியது என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த ஆண்டு ஒருநாளும் மறக்காது.

புவியியலுக்கு மழைதான் நோட்ஸ். முதலாம் இடைப்பருவம், தென்மேல் பருவம், இரண்டாம் இடைப்பருவம், வடகீழ்ப் பருவம் என்று நாலையும் வட்டமாகக் கீறி, உள்ளே எங்கள் வயல் வேலையை எழுதச் சொன்னால் போதும். ஒக்ரோபர் நொவெம்பர் இடைப்பருவ மழையோடு பெரும்போக விதைப்பு, பிறகு பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவ மழை, அந்தக் காலத்தில்தான் கனகராயன் ஆறு பெருகி இரணைமடு நிறைகிறது. தென்மேல் பருவம் மலைநாட்டில் கொட்டிவிட்டு எங்களுக்கு வெறும் சோளகக் காற்றாக வருகிறது, அந்த நேரத்துச் சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பித்தான். இதை ஒரு விவசாயியின் பிள்ளைக்கு வெளியில் இருந்து யார் எழுதிக் கொடுக்க வேண்டும், சொல்லு?

தமிழில் புணர்ச்சி இலக்கணத்துக்கு ஊர்ப் பெயர்களே போதும், மனிசி முல்லைத்தீவும் புளியங்குளமும் குளக்கரையும் வைத்தே தோன்றலையும் திரிதலையும் கெடுதலையும் முடித்துவிட்டா. சைவநெறி, வணிகம் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். ஆங்கிலத்துக்கு நோட்ஸை நம்பி ஒன்றும் நடக்காது, தினமும் ஐந்து வசனம் எழுத வைத்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் எங்களிடம் இல்லை. அதைப் பற்றி உன் மனைவியிடம் கேட்டுப் பார், கிழமையில் ஒருநாள் வீடியோவில் வர முடியுமென்றால் நான் பிள்ளைகளைக் கூட்டி வைக்கிறேன்.

நீ ஒன்று கேட்பாய், நாங்கள் படித்த காலத்தில் மற்றவனின் நோட்ஸைத்தானே நம்பியிருந்தோம் என்று. உண்மை. 1996இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டுப் போய் ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் இருந்தபோது ஒரு கொப்பி கைமாறிக் கைமாறி வந்தது, நீயும் நானும் போத்தல் விளக்கில் இருந்து அதைப் பார்த்து எழுதினோம். ஆனால் கடதாசி இல்லாததால் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் யோசித்து, சண்டை பிடித்து, நெருக்கி நெருக்கி எழுதினோமே, அதுதான் எங்களுக்குப் பாடம் ஏறிய வழி. அந்தக் கொப்பிகள் 2009இல் எங்கேயோ போய்விட்டன, அதில் இருந்தது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்காக நோட்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. கச்சான் (நிலக்கடலை) பிடுங்கப் போய் இரண்டு கிழமை பள்ளிக்கூடம் வராத பிள்ளை இருக்கிறாள், விஞ்ஞான ஆசிரியர் மாறிப்போய் ஒரு தவணை முழுக்க ஆளே இல்லாமல் இருந்த வகுப்பும் இருக்கிறது. அவர்களுக்காக நல்ல நோட்ஸ் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே ஒரு பிரதி வாசிகசாலை அலுமாரியில் இருக்கட்டும், அங்கே இருந்து பார்த்து எழுதலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஆகவே இப்படிச் செய். மிச்சக் காசுக்குக் கோடு போட்ட கொப்பியும் சதுரக் கொப்பியும், கொம்பாஸ் பெட்டியும், கடந்தகால வினாத்தாள்களை அவற்றின் புள்ளியிடும் திட்டத்தோடும் வாங்குவோம், எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று பிள்ளைகள் தாங்களே பார்க்கட்டும். நில அளவைத் திணைக்களத்தின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று வரைபடத்தில் எங்கள் பகுதித் தாள் ஒன்றும் வேண்டும், இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர் என்று சொந்த வீதியிலேயே அளந்து பழகலாம். விலை எல்லாம் விசாரித்து அடுத்த கிழமைக்குள் அனுப்புகிறேன். விதைப்புத் தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் பின்னேரம் வயலில்தான் நிற்பார்கள், அதற்கு முன் சாமான் வந்துவிட்டால் நல்லது.

உன் மகள் இப்போது எந்த வகுப்பு? அவளுடைய விஞ்ஞானக் கொப்பியில் ஏதாவது ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, அங்கே எப்படி எழுத வைக்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்