மருத்துவர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சூலை 1 அன்று மருத்துவர் தினம் கொண்டாடப்பட்டது. இரத்ததான முகாம் ஒன்று நடைபெற்றது. குடும்ப விழா மழையால் தள்ளிப்போய், பின்னர் நடக்கவேயில்லை. செயற்குழு மாதந்தோறும் அழைக்கப்பட்டது. மூன்று முறை குறைந்தபட்ச வருகை (கோரம்) இன்றிக் கலைந்தது.

வைரஸ் சுவாசத் தொற்றுடன் வருவோரின் நுரையீரலை அல்ட்ராசவுண்டு கொண்டு மதிப்பிடும் பயிற்சியே இவ்வாண்டின் முதன்மைப் பணி. இது செயலாளரின் சொந்த ஆசை என்ற பேச்சு என் காதுக்கும் வந்ததால், சற்று விரிவாகவே விளக்க வேண்டியுள்ளது. காற்று நிறைந்த நுரையீரலை ஸ்கேன் செய்ய இயலாது என்றே நம்மில் பலர் கல்லூரியில் படித்தோம். அந்தக் காற்று திரையில் உண்டாக்கும் போலித் தோற்றங்களையே நோய்க்குறிகளாக வாசிக்கலாம் என்று காட்டியவர் பிரான்சு நாட்டுத் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிஷ்டென்ஸ்டைன். மூச்சுத்திணறலின் காரணத்தை நுரையீரல் ஸ்கேனால் விரைந்து கண்டறியும் அவரது ப்ளூ நெறிமுறை 2008இல் வெளிவந்தது. நலமான நுரையீரலில் குறுக்கே ஏ கோடுகள் தெரியும். நோயுற்ற இடத்தில் நுரையீரல் உறையிலிருந்து திரையின் அடிவரை பி கோடுகள் இறங்கும். இரு விலா எலும்புகளுக்கு இடையே அவை மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டும். வைரஸ் நிமோனியாவில் அவை பெரும்பாலும் திட்டுத்திட்டாக, நடுவே நல்ல பகுதிகளை விட்டு அமையும்; உறைக்கோடும் சொரசொரப்பாகும். நெஞ்சிலும் முதுகிலுமாக 12 இடங்களில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பாதிப்புக்கு ஏற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டால் உச்சம் 36. நோயாளியை எழுப்பி உட்காரவைக்கச் சோம்பி முதுகுப் பக்கத்தை விட்டுவிடுவோருக்கு இந்த மதிப்பெண்ணால் பயனில்லை.

கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிக் கிளினிக் கிளினிக்காக அனுப்பியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரு சொல். கருவின் பாலினம் கண்டறிதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஸ்கேன் கருவியும் அது இருக்கும் இடமும் பதிவு செய்யப்பட வேண்டும். நெஞ்சில் மட்டுமே வைப்போம் என்று சொல்லி அதைப் பையில் போட்டு ஊர்சுற்ற முடியாது. ஆகவே உறுப்பினர் ஒருவரின் பதிவுபெற்ற ஸ்கேன் மையத்தில், ஞாயிறு பிற்பகல்களில் ஆறு வகுப்புகள் நடத்தினோம். பிரியாணியுடன் நடந்த முதல் வகுப்பில் நாற்காலி போதவில்லை. நான்காம் வகுப்பில், எங்களுக்காகச் சட்டையைக் கழற்றிப் படுத்திருந்த மையத்தின் காவலாளி, வந்திருந்த மருத்துவர்களைவிட அதிக நேரம் அறையில் இருந்தார். ஆனால் 2025 சனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்.எம்.பி.வி. என்ற சுவாச வைரஸின் தொற்று கண்டறியப்பட்ட செய்தி வெளியானதும், ஒரு வகுப்புக்கும் வராத உறுப்பினர்கள் அடுத்த வகுப்பு எப்போது என்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பி கோடு எந்த வைரஸ் என்று சொல்லாது என்பதை அவர்களுக்கு அப்போதே விளக்கினேன்.

பி கோடு வைரஸால்தான் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. காய்ச்சலோடு மூச்சிரைத்த முதியவர் ஒருவருக்கு இருபுறமும் பி கோடுகளைக் கண்டு நான் தொற்று என்றே எழுதினேன். இத்திட்டத்தைத் தொடக்கம் முதல் எதிர்த்துவரும் நம் மூத்த உறுப்பினர் அந்த முதியவரின் கழுத்து இரத்தநாளத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதயச் செயலிழப்பு என்றார். அவர் சொன்னதே சரி. உறைக்கோடு வழவழப்பாக இருந்ததையும், கோடுகள் இருபுறமும் ஒத்திருந்ததையும் நான் கவனித்திருக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே என் பதில். அப்படிச் சொன்னவன் நானல்லன்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே உள்ளன. விவரங்களைத் தணிக்கைக்குப்பின் பொருளாளர் வைப்பார். ஜெல்லுக்கும் தேநீருக்கும் கைப்பணம் போட்டவர் யார் என்பதை இங்கே எழுதுவது முறையன்று. சந்தா பாக்கி வைத்திருப்போரில் பலர், சங்கம் எதற்கு என்று கேட்பவர்களும்கூட.

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், ஸ்கேன் மைய உரிமையாளருக்கும், பொறுமை மிக்க காவலாளிக்கும் நன்றி.

மீண்டும் செயலாளராக நிற்க எனக்கு விருப்பமில்லை. வேறு யாரும் முன்வராத நிலையில் மறுக்கவும் இயலாது. மழைக்காலக் காய்ச்சல் தொடங்குமுன் அடுத்த சுற்று வகுப்புகளை முடிக்க எண்ணியுள்ளேன். பெயர் கொடுக்க விரும்புவோருக்கான ஏடும் சந்தாப் பாக்கிப் பட்டியலும் வாசலிலுள்ள ஒரே மேசையில் வைக்கப்பட்டுள்ளன.

இவண்,
செயலாளர்