புகைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், மூத்த உறுப்பினர்கள், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை கண்காட்சியில் தொடங்கும். இந்த வருஷம் அதற்கு இரண்டு வரிதான். கண்காட்சி நடந்தது, கூட்டமும் வந்தது, மழைத் தண்ணீர் இறங்கி இரண்டு ஃபிரேம் ஊறிப்போனது. சனிக்கிழமைக் காலை நடைகளைப் பெரும்பாலும் தவறாமல் நடத்தினோம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மிச்ச நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் நடந்தது பலருக்கு அரைகுறையாகத் தெரியும். கல்யாணப் படம் எடுக்கும் நம் உறுப்பினர் ஒருவர், விடியற்காலை ஐந்தரை மணிக்கு வடசென்னையில் ஒரு கடைத்தெருவில் நின்றிருந்தார். மீன்பாடி வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெரியவரை, அவர் தலையாட்டிச் சம்மதம் சொன்ன பிறகு, படம் எடுத்திருக்கிறார். ஃபிரேமின் ஓரத்தில் ஒரு ரோந்து வண்டி நின்றது, அவ்வளவுதான் தப்பு. “ஏம்பா, யாரைக் கேட்டு எடுக்கற?” என்று காவலர் வந்துவிட்டார். “ஹாபிக்கு எடுக்கறேன் சார்” என்றதற்கு, “எல்லாத்தையும் அழி. இல்ல, ஸ்டேஷனுக்கு வா, செவன்டி ஃபைவ் போட்டாத்தான் தெரியும்” என்று பதில். செவன்டி ஃபைவ் என்றால் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பொது இடத்தில் ரகளை செய்ததாகப் போடும் சில்லறை வழக்கு. ஒவ்வொரு படமாக அழிக்கக் கை ஓடவில்லை. ஃபார்மேட்டை அழுத்திவிட்டார். முந்தின நாள் ராத்திரி எடுத்த ரிசப்ஷன் முழுக்க அதே கார்டில் இருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

பதற்றத்திலும் ஒன்றைச் சரியாகச் செய்தார். அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் பட்டியல்தான் போகும், மேலே புதிதாக ஏதும் ஏறாதவரை படங்கள் உள்ளேயே கிடக்கும். ரிச்சி தெருவில் ஒரு கடையில் மத்தியானம் வரை உட்கார்ந்து கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டுவிட்டார். மணப்பெண்ணின் அத்தை தட்டு நீட்டும் படம் மட்டும் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறமாக வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. இந்த அறிக்கை அவர்கள் கைக்குப் போகாது என்று நம்புகிறேன்.

இதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து வகுப்பு வைத்தோம். பீஸ் வாங்க மறுத்துவிட்டார், மூன்று முறை டீ குடித்தார். அவர் சொன்னதில் நான் குறித்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

பொது இடத்தில் நின்று படம் எடுப்பது தன்னளவில் குற்றமில்லை. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையின் நிழலில்தான் நாம் நிற்கிறோம். அதற்குக் கட்டுப்பாடுகளும் உண்டு, ஆனால் அவை சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், காவலர் வாயால் சொன்னால் போதாது. படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் அவருக்கு இல்லை. குற்றத்தோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் கேமராவைக் கைப்பற்றலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 106-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102. அப்படிக் கைப்பற்றினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். 105-ஆம் பிரிவின்படி கைப்பற்றுவதையும், பட்டியல் போட்டுச் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் வீடியோவாகப் பதிய வேண்டும், அதுவும் முடிந்தால் மொபைலிலேயே. படம் எடுக்காதே என்று கேமராவைப் பிடுங்குகிறவர், பிடுங்குவதைப் படம் எடுத்தாக வேண்டும்! இந்த இடத்தில் வகுப்பே சிரித்துவிட்டது.

இன்னொன்று. படத்தில் குற்றத்துக்குச் சாட்சியம் இருக்கிறது என்றால் அதை அழிப்பதுதான் குற்றமாகிவிடும். அழிக்கச் சொல்பவரிடம் “அப்போ கைப்பற்றி ரசீது கொடுங்க சார்” என்று மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலும் பேச்சு அங்கேயே தணிந்துவிடும் என்றார்.

‘ரகசியச் சட்டம் தெரியுமா’ என்ற மிரட்டலும் உண்டு. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தில் ‘தடைசெய்யப்பட்ட இடம்’ எது என்று வரையறை இருக்கிறது. காவல் நிலையம் அதில் வராது என்று 2022-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொல்லிவிட்டது. ராணுவ, கடற்படை இடங்கள் வரும். அதனால் கோட்டை, துறைமுகம், கடற்படைத் தளமான ஐஎன்எஸ் அடையார் பக்கம் லென்ஸைத் திருப்பும்போது வாலைச் சுருட்டிக்கொள்ளுங்கள். சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களுக்குள் ரயில்வே பாதுகாப்புப் படையின் ஆட்சி, கதையே வேறு. டிரோன் வைத்திருப்பவர்கள் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் தயவுசெய்து கிளப்ப வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நம்ம ஊர் வழக்கு. கொலை வழக்கில் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட முயன்றதில் எழுந்த ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அரசு ஊழியர் தன் கடமை தொடர்பான நடத்தைக்கு அந்தரங்க உரிமை கோர முடியாது என்று அதில் இருக்கிறது. பணியில் இருக்கும் காவலர் ஃபிரேமின் ஓரத்தில் விழுந்துவிட்டால் குடி முழுகிவிடாது.

இத்தனையும் சொன்ன பிறகு நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை நடையில் நாம் ஆறு பேர் நடைபாதையை அடைத்து டிரைபாட் விரித்திருந்தோம். ஒரு அம்மா இரண்டு குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு, பஸ் வரும் ரோட்டில் இறங்கிப் போனார். அன்றைக்குப் போலீஸ் வந்து விரட்டியிருந்தால் நான் அவர்கள் பக்கம்தான் பேசியிருப்பேன். அதே நடையில் அடிபம்பில் தலை குளித்துக்கொண்டிருந்த பெண்ணை நம்மில் ஒருவர் எடுத்துவிட்டார். “தம்பி, அதை அழிச்சுடுப்பா” என்றார் அவர். எந்தச் சட்டப் பிரிவும் காட்டாமல்தான் சொன்னார். உடனே அழித்து, திரையை அவருக்குக் காட்டிவிட்டு வந்தோம். செயற்குழுவில் நீண்ட நேரம் பேசி இரண்டு வரித் தீர்மானம் போட்டோம்: படத்தில் இருப்பவர் கேட்டால் அழிப்போம், சீருடை கேட்டால் எழுத்தில் கேட்போம். “படத்தில் இருப்பவரே சீருடை போட்டிருந்தால்?” என்று பொருளாளர் கேட்டார். பணி முடிந்து சட்டையைக் கழற்றிய பிறகு வந்து கேட்கட்டும் என்று முடிவாயிற்று.

உறுப்பினர் அட்டையை லைசென்ஸ் என்று நினைக்க வேண்டாம். பைக்கில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்ட அனுமதி கேட்ட மூன்று பேருக்கும் இதுவே பதில்: கிடையாது.

அந்தக் கடைத்தெருவில் கேமராவுக்குத் தடை ஆணை ஏதாவது உண்டா, இருந்தால் நகல் வேண்டும் என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். இருபத்தெட்டாம் நாள், அப்படி ஆணை எதுவும் அலுவலகத்தில் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதை லேமினேட் செய்து உறுப்பினரிடம் கொடுத்தேன். பங்குனியில் அதே தெருவில் வேறொரு அதிகாரி நிறுத்தியபோது அதை நீட்டியிருக்கிறார். அவர் இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, ஓரமா நின்னு எடுங்க” என்று போய்விட்டாராம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு போடலாம், கட்டணம் கிடையாது என்றும் அந்த உறுப்பினரிடம் சொல்லிப் பார்த்தேன். “கல்யாண சீசன்ல அலைய முடியாதுண்ணே” என்றுவிட்டார். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கெடு வரும் மார்கழி வரை. மனுவைத் தட்டச்சு செய்து என் பையில் வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்